வெள்ளித் தண்ணீர்: செய்வதா, வாங்குவதா, விடுவதா?

போன வருடம் மாமா ஒரு பார்சலைக் கொண்டுவந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் பிரித்தார். ஒரு சாண் நீளத்துக்கு இரண்டு வெள்ளிக் கம்பிகள், மூன்று 9 வோல்ட் பேட்டரிகள், நுனியில் கிளிப் மாட்டிய இரண்டு ஒயர்கள். "மாப்ள, நீ கெமிஸ்ட்ரி வாத்தியார். வெள்ளித் தண்ணி செய்றதைச் சரியாச் சொல்லிக் கொடு. நானும் உங்க அத்தையும் தினமும் காலையில வெறும் வயித்துல ஒரு டம்ளர் குடிக்கப்போறோம்" என்றார். வாட்ஸப்பில் வந்த ஒரு வீடியோதான் காரணம். சளி, சர்க்கரை, மூட்டுவலி என்று எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும் என்று அதில் ஒருவர் பேசியிருந்தார்.

சும்மா வேண்டாம் என்று சொன்னால் மாமா கேட்கிற ஆள் இல்லை. கேட்கவும் வேண்டியதில்லை, காரணம் சொல்வதுதான் முறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, வீட்டில் செய்வது, பாட்டிலில் வாங்குவது, வெள்ளியை வேறு விதமாகப் பயன்படுத்துவது, வெள்ளியே இல்லாமல் காரியத்தை முடிப்பது என்று நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று அதை எழுதுகிறேன்.

முதலில் வெள்ளிக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். வெள்ளி கிருமியைக் கொல்லும் என்பது கட்டுக்கதை இல்லை. 1880-களில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கார்ல் கிரேடே என்ற மருத்துவர், பிறந்த குழந்தைகளின் கண்ணில் சில்வர் நைட்ரேட் சொட்டு விட்டு, எத்தனையோ குழந்தைகளின் பார்வையைக் காப்பாற்றினார். சர்வதேச விண்வெளி நிலையத்தின் ரஷ்யப் பகுதியில் குடிநீரைக் கெடாமல் வைக்க இன்றைக்கும் வெள்ளி அயனிகளைத்தான் சேர்க்கிறார்கள். ஆனால் இந்த இரண்டு இடத்திலும் வெள்ளி எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று அளந்து தெரிந்தவர்கள் அதைக் கையாண்டார்கள். மாமாவின் மேசையில் அந்த அளவுதான் இல்லை.

வீட்டில் செய்யும் முறை எளிது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு வெள்ளிக் கம்பிகளை நிறுத்தி மின்சாரம் பாய்ச்சினால், ஒரு கம்பியிலிருந்து வெள்ளி அயனியாகக் கழன்று தண்ணீரில் இறங்கும். கொஞ்சம் அயனியாகவே இருக்கும், கொஞ்சம் மீண்டும் உலோகத் துகளாகச் சேர்ந்து மிதக்கும். அந்தத் துகள்கள் மிதப்பதைத்தான் கூழ்மம் என்கிறோம். செலவு குறைவு, என்ன போட்டோம் என்பதும் தெரியும் என்று மாமா சொன்னது சரிதான். எவ்வளவு போட்டோம் என்பது தெரியாது. சிக்கல் அங்கே இருக்கிறது.

காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டேன். எவ்வளவு மின்சாரம் பாய்ந்தால் எவ்வளவு உலோகம் கரையும் என்று சொல்லும் ஃபாரடே விதிப்படி, 1 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாய்ந்தால் அதிகபட்சம் ஏறக்குறைய 4 மில்லிகிராம் வெள்ளி கரையும். கால் லிட்டர் டம்ளர் என்றால் அது லிட்டருக்கு 16 மில்லிகிராம், அதாவது 16 பிபிஎம். இது சுத்தமான தண்ணீரில், மெதுவாக, பொறுமையாகச் செய்தால். வீடியோக்காரர், சீக்கிரம் ஆகவேண்டுமென்றால் ஒரு சிட்டிகை உப்பு போடுங்கள் என்றார். உப்பு போட்டதும் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்த ஆரம்பிக்கும், மின்னோட்டம் சட்டென்று பல மடங்கு ஏறும். 50 மில்லி ஆம்பியர் கால் மணி நேரம் ஓடினால் அதே டம்ளரில் 50 மில்லிகிராம் வரை வெள்ளி, அதாவது 200 பிபிஎம். அதுவும் வெள்ளியாக இருக்காது, சில்வர் குளோரைடு என்ற வெள்ளைப் பொடியாகிவிடும். ஒரே கருவி, ஒரே டம்ளர், ஒரு சிட்டிகை உப்பில் பன்னிரண்டு மடங்கு வித்தியாசம்.

அப்புறம் "மீட்டர் இருக்கே" என்றார் மாமா. ஆர்ஓ தண்ணீருக்கு வாங்கிய டிடிஎஸ் மீட்டர். அது தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதை மட்டும் அளந்து ஓர் எண்ணைக் காட்டும். மிதக்கும் வெள்ளித் துகள் அதற்குத் தெரியாது. லேசர் விளக்கை அடித்துப் பார்ப்பதும் அப்படித்தான். ஒளிக்கோடு தெரிந்தால் துகள் இருக்கிறது என்று அர்த்தம். ஐந்து பிபிஎம்மா ஐம்பதா என்று அது சொல்லாது. சரியாக அளக்க வேண்டுமென்றால் ஆய்வகத்துக்குத்தான் போகவேண்டும்.

இந்த அளவு ஏன் இவ்வளவு முக்கியம்? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, வாழ்நாள் முழுக்க வாய்வழியாகப் போகும் வெள்ளிக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 5 மைக்ரோகிராம். 60 கிலோ ஆளுக்கு 0.3 மில்லிகிராம். மாமா திட்டமிட்ட காலை டம்ளரில், உப்பே போடாமல் செய்தாலும், 4 மில்லிகிராம் வரை இருக்கலாம். பதின்மூன்று மடங்கு. உலக சுகாதார நிறுவனம் ஒரு மனிதனின் வாழ்நாள் மொத்தத்துக்கும் சுமார் 10 கிராம் வரை தீங்கு தென்படவில்லை என்று எடுத்துக்கொள்கிறது. தினம் 4 மில்லிகிராம் என்றால் ஏழு வருடத்துக்குள் அந்த வாழ்நாள் கணக்கு முடிந்துவிடும். இந்திய குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500, லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் வெள்ளி வரை ஏற்கிறது. நம் டம்ளர் 16-இல் நிற்கிறது.

வரம்பைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு முகம் உள்ள சாட்சிகள் உண்டு. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தைச் சேர்ந்த ஸ்டான் ஜோன்ஸ், 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் குழம்பி ஆன்டிபயாடிக் கிடைக்காமல் போகும் என்று பயந்து, 1999-இல் வீட்டிலேயே வெள்ளித் தண்ணீர் செய்து குடிக்க ஆரம்பித்தார். 2002-இல் லிபர்டேரியன் கட்சிக்காகச் செனட் தேர்தலில் நின்றபோது அவருடைய தோல் நீலச் சாம்பல் நிறமாகியிருந்தது. பால் கராசன் என்பவர் வருடக்கணக்கில் வீட்டில் செய்து குடித்தார், முகத்திலும் பூசினார். 2008-இல் தொலைக்காட்சியில் வந்தபோது முழுக்க நீலமாக இருந்தார். இதற்கு ஆர்ஜிரியா என்று பெயர்.

நிறம் ஏன் மாறுகிறது என்பதை மாமாவுக்குப் பழைய கறுப்பு வெள்ளை போட்டோவை வைத்துச் சொன்னேன். அந்தக் காகிதத்தில் இருந்தது வெள்ளி உப்பு. வெளிச்சம் பட்டால் அது உலோக வெள்ளியாகிக் கறுக்கும். தோலுக்கு அடியில் போய்ப் படிந்த வெள்ளிக்கும் வெயில் அதையே செய்கிறது. அதனால்தான் முகம், கழுத்து, கை என்று வெயில் படுகிற இடம் முதலில் மாறும். நகத்தின் அடிப்பிறை நீலமாவதும், ஈறு சாம்பல் நிறமாவதும் முன்னறிவிப்பாக வரலாம். குடிப்பதை நிறுத்தினாலும் நிறம் போகாது. லேசரில் சிலருக்கு மங்கியிருக்கிறது, ஆனால் செலவும் வலியும் அதிகம்.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, அது அளவு மீறினவங்க கதை. நான் தினம் ஒரு ஸ்பூன் குடிச்சா?" என்றார். நியாயமான கேள்வி. 10 பிபிஎம் தண்ணீரில் ஒரு ஸ்பூன் என்றால் 0.05 மில்லிகிராம்தான், வரம்புக்குள் வரும். அதற்குத் தோல் நீலமாகும் என்று நான் பயமுறுத்த மாட்டேன். அந்த ஒரு ஸ்பூன் என்ன நன்மை செய்யும் என்றுதான் பதிலுக்குக் கேட்டேன். அடுப்படியிலிருந்து கல் உப்பு கொண்டுவந்து, செய்துவைத்த வெள்ளித் தண்ணீரில் கொஞ்சம் போட்டுக் கலக்கினேன். கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் பால் கலந்தது போல மங்கியது. வெள்ளி அயனியும் உப்பின் குளோரைடும் சேர்ந்ததால் வந்த மங்கல் அது. நம் இரைப்பையில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதாவது அங்கேயும் குளோரைடுதான். ரத்தத்திலும் குளோரைடு, போதாததற்குப் புரதங்கள். ஆய்வகத் தட்டில் கிருமியைக் கொல்கிற அயனி, உடம்புக்குள் போனதும் கிருமியைத் தேடிப் போவதற்குள் பிடிபட்டுவிடுகிறது. குடித்த வெள்ளி இன்ன நோயைக் குணப்படுத்தியது என்று ஒழுங்கான மருத்துவ ஆய்வு எதுவும் நிறுவவில்லை. பயன் இல்லாத இடத்தில் சிறிய ஆபத்தைக்கூட ஏன் வாங்க வேண்டும்?

இதைவிட எனக்குப் பயமாக இருந்தது வேறு ஒன்று. அத்தை தினமும் காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போடுகிறவர். வெள்ளி, தைராக்சின் மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கும். டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்குகளையும் அப்படியே தடுக்கும். அத்தையின் தைராய்டு அளவு ஏறி இறங்கினால், வெள்ளித் தண்ணீர்தான் காரணம் என்று எந்த மருத்துவருக்கு உடனே தோன்றும்? நாம்தான் சொல்லவே மாட்டோமே, அது மருந்து இல்லை, வெறும் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

பாட்டிலில் வாங்குவது இதைவிட மேலா? ஒரு விஷயத்தில் மேல்: லேபிளில் பிபிஎம் என்று ஓர் எண் இருக்கும், உப்புப் போட்ட விபத்து இருக்காது. மற்றபடி வயிற்றுக்குள் நடக்கும் வேதியியல் அதேதான். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1999 ஆகஸ்டில், கூழ்ம வெள்ளி கலந்து மருந்தாக விற்கப்படும் எதையும் பாதுகாப்பானது, பயனுள்ளது என்று ஏற்க முடியாது என்று தீர்ப்பாகச் சொல்லிவிட்டது. அதன்பிறகு அதே பாட்டில் சத்துப்பொருள் என்ற பெயரில் விற்கப்படுகிறது. நோயைக் குணப்படுத்தும் என்று லேபிளில் போடக்கூடாது, அவ்வளவுதான். 2020 மார்ச்சில் கொரோனாவைத் தடுக்கும் என்று விற்ற நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதங்கள் போயின. கொரோனாவுக்கு மருந்தே இல்லாத அந்த வாரங்களில், பயந்துபோன குடும்பங்களிடம் வெள்ளியை விற்றதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

மூக்கில் விடும் சொட்டு, நெபுலைசரில் ஊற்றி இழுப்பது, கண்ணில் விடுவது என்று இந்தப் பாட்டில்களுக்குக் குடிப்பதைத் தாண்டியும் வழி சொல்கிறார்கள். ரோஸ்மேரி ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணுக்கு 1950-களில், 11 வயதில், மூக்கடைப்புக்கு மருத்துவரே வெள்ளிச் சொட்டு எழுதிக் கொடுத்தார். சில வருடங்களில் சிறுமியின் முகம் சாம்பல் நிறமானது, வாழ்நாள் முழுக்க அப்படியே இருந்தது. கிரேடே ஆரம்பித்த கண் சொட்டுகூட இப்போது பல நாடுகளில் ஆன்டிபயாடிக் களிம்புக்கு வழிவிட்டுவிட்டது. வீட்டில் செய்தது கிருமி நீக்கப்பட்டதும் இல்லை. நுரையீரலுக்கும் கண்ணுக்கும் அதை அனுப்பவே கூடாது.

அப்படியென்றால் வெள்ளி எங்கே நம் வீட்டுக்கு உதவும்? என்னைக் கேட்டால், தண்ணீர் வடிகட்டியில். கூழ்ம வெள்ளியின் மிக நல்ல வேலை அங்கேதான் நடக்கிறது, அதைப் பற்றி வீடியோக்காரர்கள் பேசுவதே இல்லை. 1981-இல் குவாத்தமாலாவில் ஃபெர்னாண்டோ மசாரியேகோஸ் என்பவர், களிமண்ணோடு மரத்தூளைப் பிசைந்து பூந்தொட்டி மாதிரிச் சுட்டு ஒரு வடிகட்டி செய்தார். சூளையில் மரத்தூள் எரிந்துபோக, சட்டி முழுக்க நுண்ணிய துளைகள் நிற்கும். அதன்மேல் கூழ்ம வெள்ளியைப் பூசுவார்கள். பின்னால் நிகரகுவாவிலிருந்து குயவர்களின் அமைப்பு ஒன்று இதை ஊர் ஊராகக் கற்றுக்கொடுத்தது. மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர்தான் சொட்டும், ஆனால் மின்சாரமும் வேண்டாம், எரிபொருளும் வேண்டாம். அங்கே பெரும்பாலான வேலையைத் துளைகள் செய்கின்றன. வெள்ளி சட்டியிலேயே ஒட்டியிருந்து, அதன்மேல் பாசியும் கிருமியும் குடியேறாமல் பார்த்துக்கொள்கிறது.

நம் பக்கத்திலும் இதற்கு உறவு உண்டு. 2009-இல் வந்த டாடா ஸ்வச் வடிகட்டியில் நெல் உமிச் சாம்பலில் நானோ வெள்ளி ஏற்றியிருந்தார்கள். அதற்கு முன்பே சென்னை ஐஐடியில் பேராசிரியர் டி. பிரதீப்பின் குழு, தண்ணீரில் கலந்த பூச்சிமருந்தை நானோ வெள்ளியால் பிரித்தெடுக்கும் முறையைக் கண்டுபிடித்து, அது வடிகட்டியாகச் சந்தைக்கும் வந்தது. வெள்ளியோடு விளையாட வேண்டும் என்ற ஆசைக்கு இதைவிட நல்ல இடம் எது?

ஆனால் வீட்டுத் தண்ணீரைச் சுத்தம் செய்யக் கம்பியும் பேட்டரியும் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். வெள்ளி மெதுவாக வேலை செய்யும், மணிக்கணக்காகும். கலங்கல் தண்ணீரில் அதன் சக்தி குறையும். ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் போன்ற வயிற்றுப்போக்குக் கிருமிகளின் கூடுகளை அது நம்பும்படியாகக் கொல்வதில்லை, வைரஸ்களுக்கும் அப்படித்தான். மலையேறுபவர்கள் வாங்கும் வெள்ளி மாத்திரைகளில்கூட, ஏற்கெனவே சுத்தமான தண்ணீரைக் கெடாமல் வைக்கத்தான் என்று எழுதியிருப்பார்கள்.

கொதிக்கவைப்பதோ இதெல்லாவற்றையும் கொன்றுவிடும். நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும், அதே பாத்திரத்தில் மூடி ஆறவிட வேண்டும். கேஸ் செலவு உண்டு, உப்புத்தன்மையும் ரசாயனமும் போகாது. கேஸ் இல்லாத இடத்தில், தெளிந்த தண்ணீரைக் குடிநீர் பாட்டிலில் நிரப்பி ஆறு மணி நேரம் நல்ல வெயிலில் படுக்கவைக்கலாம். மேகமூட்டம் என்றால் இரண்டு நாள். வெயிலுக்கு நம் ஊரில் பஞ்சம் இல்லை. வெள்ளியின் அண்ணனான செம்பையும் மறக்கக்கூடாது. பெங்களூரு ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், செப்புப் பானையில் 16 மணி நேரம் வைத்த தண்ணீரில் வயிற்றுப்போக்குப் பாக்டீரியாக்கள் உயிரோடு கிடைக்கவில்லை. பாட்டி ராத்திரி செப்புக் குடத்தில் ஊற்றி வைத்தது வீண் இல்லை. மோர், எலுமிச்சைச் சாறு, ரசம் இவற்றை மட்டும் செம்பில் வைக்காதீர்கள், புளிப்பு செம்பைக் கரைத்துவிடும். தண்ணீர் எங்கள் வீட்டில் கொதிக்கவைத்துத்தான், பிறகு செம்பில். மாமாவும் இப்போது அதற்கு மாறிவிட்டார்.

தீக்காயத்துக்கு வெள்ளி என்றால், மருந்துக் கடையில் இருக்கும் 1 சதவீத சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு. 1960-களில் வந்து பல உயிர்களைக் காத்த மருந்து. அதையுமே இப்போது சாதாரணத் தீப்புண்ணுக்கு மருத்துவர்கள் முன்போல் எழுதுவதில்லை, ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தெரிந்துவிட்டது. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், இரண்டு மாதம் ஆகாத குழந்தைகள் இதைத் தொடக்கூடாது. எண்ணெய் தெறித்துவிட்டால் முதலில் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பேனா மை, பற்பசை, இட்லி மாவு எதுவும் வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ, முகம், கை, மூட்டு என்றாலோ மருத்துவமனைதான். சின்ன வெட்டுக்காயத்துக்குச் சோப்பும் தண்ணீரும் போதும். வீட்டில் செய்த வெள்ளித் தண்ணீரை எந்தப் புண்ணிலும் ஊற்ற நான் சொல்லமாட்டேன்.

வெள்ளிப் பாலாடை, வெள்ளி டம்ளர் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பயப்பட வேண்டாம். திட வெள்ளியிலிருந்து பாலில் இறங்குவது மிக மிகக் குறைவு. அதனால் கிருமி போய்விடும் என்றும் நினைக்க வேண்டாம், குழந்தைக்குக் கொடுக்கும் முன் வெந்நீரில் கொதிக்கவைத்துக் கழுவுங்கள். சித்த மருத்துவத்தில் வெள்ளியைப் புடம் போட்டுச் செய்யும் பொடியான வெள்ளி பற்பம் தனிச் சங்கதி. அதைப் பதிவு பெற்ற சித்த மருத்துவர் பார்த்துக் கொடுக்க வேண்டும். பேட்டரியில் செய்த தண்ணீருக்கு அதை ஆதாரமாகக் காட்டுவது தவறு.

ஏற்கெனவே குடித்துக்கொண்டிருப்பவர்கள் இன்றைக்கே நிறுத்திவிடலாம், படிப்படியாகக் குறைக்க வேண்டிய அவசியம் இல்லை. நகத்தையும் ஈறையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எவ்வளவு நாள், எவ்வளவு குடித்தீர்கள் என்பதை மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள், முக்கியமாகத் தைராய்டு மாத்திரையோ ஆன்டிபயாடிக்கோ எடுப்பவர்கள். நிறம் மாறியிருந்தால் வெயில் படாமல் பார்த்துக்கொள்வது மேலும் கறுப்பதைக் குறைக்கும். யாரும் அவர்களைத் திட்டாதீர்கள். நல்லது நடக்கும் என்று நம்பித்தானே குடித்தார்கள்.

அன்றைக்கு மேசையில் மிஞ்சியிருந்த தண்ணீரைப் பேரனின் மீன் தொட்டியில் ஊற்றிவிடலாமா, கிருமி போகுமே என்றார் மாமா. ஓடிப்போய்த் தடுத்தேன். வெள்ளி அயனி மிகச் சிறிய அளவிலேயே மீனின் செவுளைத் தாக்கிக் கொன்றுவிடும். கம்பிகளை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். பிளஸ் டூ மாணவர்கள் இப்போது அவற்றைத் தராசில் நிறுத்து, மின்சாரம் பாய்ச்சி, உலர்த்தி, மறுபடி நிறுக்கிறார்கள். மாமா ஒருநாள் பள்ளிக்கு வந்து, கம்பியின் எடை குறைந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டுப் போனார்.